திங்கட்கிழமை பத்தரை மணி

நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் போன மாதம் போன் செய்தாள். அலுவலகத்துக்குக் கைரேகை இயந்திரம் வந்துவிட்டதாம். மேற்பார்வையில் இருக்கிற பையன்கள் மாதம் ஒரு தடவை வந்து விரலை வைத்துவிட்டுப் போனால் போதும். தேதியும் நேரமும் தானாகவே பதிவாகிவிடும், ஐந்து நிமிஷம் பிந்தினாலும் காட்டிக்கொடுத்துவிடும். “இனி ஒருத்தனும் ஏமாத்த முடியாது மேடம்” என்றாள். அவள் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குத் தெரிந்த சந்தோஷம்தான். என் காலத்தில் அது நீளமான நோட்டாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கூடவே ஒரு வேண்டுகோள். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஒரு கையேடு தயாராகிறது, உங்கள் அனுபவத்தை நாலைந்து பக்கம் எழுதித் தாருங்கள் என்றாள். நல்லபடியாக முடிந்த வழக்காக இருந்தால் நல்லது என்றும் சொன்னாள். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே இரண்டு வாரம் யோசித்தேன். ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. அது நல்லபடியாக முடிந்ததா என்பதைப் படிக்கிறவர்கள் சொல்லட்டும். பெயர்களை மாற்றியிருக்கிறேன், அந்த வழக்கு நடந்த ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை.

நான் நன்னடத்தை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள். பதினெட்டு வயது ஆகாத பையன் ஒருவன் குற்றத்தில் மாட்டினால், அவனை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்துவார்கள். அவன் ஏன் அப்படிச் செய்தான், வீடு எப்படி, பள்ளிக்கூடம் எப்படி, திருப்பி அனுப்பினால் பிழைப்பானா என்று நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவது எங்கள் வேலை. வீட்டுக்கு அனுப்பினால் அதன் பிறகு இரண்டு மூன்று வருஷம் அவன் எங்கள் மேற்பார்வையில் இருப்பான். பார்ப்பதற்கு உத்தியோகம், உள்ளே போனால் ஊர் ஊராக நடப்பது. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. சட்டப் புத்தகம் கொடுத்தார்கள், படித்தேன், பரீட்சை எழுதினேன், மறந்தேன்.

வேலை தெரிந்தது பொன்னையா சாரிடம்தான். அவர் எனக்கு மேலதிகாரி. வெள்ளைச் சட்டை, கறுப்புப் பெல்ட், சட்டைப்பையில் சிவப்புப் பென்சில். அறிக்கையை நம் கையில் இருந்து வாங்கியதும் உட்காரமாட்டார். ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு, அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி வாசிப்பார். “ஒழுக்கக்கேடான சூழல்” என்று எழுதியிருந்தால் நிறுத்தி, “அது எந்தத் தெருவுல இருக்கு, கிரேஸு?” என்று கேட்பார். சூழல் அடிபடும். “பொறுப்பற்ற தகப்பன்” அடிபடும். மூன்று பக்கம் ஒரு பக்கமாக ஆனதும் கடைசியாக ஒரு கேள்வி வரும்.

“வாசல்ல என்ன கிடந்துச்சு?”

முதல் தடவை எனக்குப் பதில் தெரியவில்லை. ஏரலுக்குப் போய், அக்கம்பக்கத்தில் விசாரித்து, அந்தப் பையனின் அத்தை கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்திருந்தேன். வாசலில் என்ன கிடந்தது என்று பார்க்கவில்லை. அறிக்கையை மடித்து என் கையில் கொடுத்து, அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போகச் சொல்லிவிட்டார். மனதுக்குள் அவரை நான் திட்டாத திட்டு இல்லை. போய்ப் பார்த்தால் வாசலில் ஆம்பளைச் செருப்பு ஒன்றுகூட இல்லை. தகப்பன் கேரளாவில் வேலை பார்க்கிறார், மாதம் ஒரு முறை வருவார் என்று அத்தை சொல்லியிருந்தாள். அந்த வாசலைக் காட்டிக் கேட்ட பிறகுதான், அவர் வீட்டை விட்டுப் போய் நாலு வருஷம் ஆகிறது என்று அத்தை ஒத்துக்கொண்டாள். அன்றிலிருந்து என் அறிக்கை எல்லாமே வாசலில்தான் தொடங்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருச்செந்தூரில் திருவிழாக் கூட்டத்தில் ஒரு பையனைக் கத்தியோடு பிடித்துவிட்டார்கள். கடற்கரைக் குடும்பம், தகப்பன் கடலுக்குப் போகிறவர். ஆயுதத்தோடு கூட்டத்துக்குள் வந்தான் என்று எழுதியிருந்தது. பொன்னையா சார் அந்தக் கத்தியை எடுத்து வரச் சொல்லி, எல்லோர் முன்னாலும் மூக்கருகே வைத்து மோந்து பார்த்தார். பிடிக்கும் அலகுக்கும் நடுவில் செதில் ஒட்டியிருந்தது. “இது மீனு வெட்டுத கத்தி. பய வேலைய முடிச்சிட்டு அப்படியே சாமி பாக்க வந்திருக்கான்” என்றார். பையன் அன்றைக்கே வீட்டுக்குப் போனான். அவன் அம்மா மறுநாள் ஒரு பை நிறையக் கருவாட்டோடு வந்து நின்றாள். அதைத் திருப்பி அனுப்புவதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அந்தக் காலத்தில் கத்தி என்றால் நாங்கள் மோந்து பார்த்தோம். அப்புறம் மோந்து பார்க்கத் தேவையில்லாத காலம் வந்தது. பள்ளிக்கூடப் பையில், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில், செய்தித்தாளில் சுற்றிய அரிவாள். கையில் கட்டியிருக்கிற கயிற்றின் நிறத்தைப் பார்த்துப் பஸ்ஸில் இடம் விடுகிறவர்கள், விடாதவர்கள். பத்துப் பையன்கள் சேர்ந்தால் ஒரு பெயர், ஒரு படம், அதைப் போனில் போட்டுச் சவால். எந்தச் சாதி என்று கேட்காதீர்கள். நான் பார்த்த எந்த இரண்டு தெருவுக்கும் அது பொருந்தும்.

இசக்கி முக்கூடல் பக்கம் ஆற்றங்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்தவன். பதினாறு வயது, பிளஸ் ஒன். பஸ்ஸில் ஜன்னலோர இடத்துக்கு ஒரு சண்டை. அதில் அடி வாங்கியவன் இவன், அடித்தவன் அதே ஊரில் இன்னொரு தெருக்காரன். நாலு நாள் கழித்து, அடித்தவனை ஊருக்கு வெளியே பாலத்தில் வைத்து வலது கையில் வெட்டிவிட்டான். அந்தப் பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் மணிக்கட்டுக்குக் கீழே கை விளங்கவில்லை, பேனா பிடிக்க முடியாது. அரிவாள் எத்தனை நாளாகப் பையில் இருந்தது என்று இசக்கியிடம் கேட்டேன். மூன்று மாதம் என்றான். எதற்கு என்றதற்கு, “எல்லாரும் வச்சிருக்கானுவ மேடம்” என்றான். அவன் கண்ணில் நான் பார்த்தது வெறும் பயம். பொன்னையா சார் இருந்திருந்தால் அதைச் சிவப்புப் பென்சிலால் அடித்திருப்பார். அவர் ஓய்வு பெற்றுப் போயிருந்ததால் எழுதினேன்.

வீட்டுக்குப் போனேன். அம்மா பேச்சியம்மாள் பீடி சுற்றுகிறவள். அப்பா இல்லை. வாசலில் செருப்பே இல்லை. உள்ளே போனால் அடுப்புப் பக்கத்தில் இரண்டு ஜோடி வரிசையாக இருந்தது. ஏன் உள்ளே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். “யாரு வீட்டுல இருக்கா, யாரு இல்லன்னு தெருவுல போறவனுக்குத் தெரியக் கூடாதும்மா” என்றாள். நல்ல விவரம் கிடைத்தது என்று எனக்கு ஒரே திருப்தி. அறிக்கையின் முதல் வரியே அதுதான். குழுமத்தில் அதை வாசித்தபோது உறுப்பினர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

சில மாதம் கூர்நோக்கு இல்லத்தில் இருந்த பிறகு அவனை அம்மாவின் பொறுப்பில் அனுப்பினார்கள். மாதம் ஒரு முறை என் முன்னால் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிபந்தனை. நாளும் நேரமும் நான் முடிவு செய்வது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை, காலை பத்தரை மணி. இருபது வருஷமாக என் பையன்கள் எல்லோருக்கும் அதுதான். பத்தே முக்காலுக்கு நோட்டை மூடுவேன். பேர் இருந்து கையெழுத்து இல்லை என்றால் சிவப்பு மையில் ‘வரவில்லை’ என்று எழுதுவேன். மூன்று ‘வரவில்லை’ ஆனால் குழுமத்துக்கு அறிக்கை போகும். ஒழுங்கு என்ற ஒன்றைச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரிந்த வழி அது. சக ஊழியர்கள் என்னைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று கேலி செய்வார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமை.

மூன்றாவது மாதம் பேச்சியம்மாள் தனியாக உள்ளே வந்தாள். மகனை வெளியே உட்கார வைத்திருந்தாள்.

“ஒரே நாளு, ஒரே பஸ்ஸும்மா. ஊருக்கே தெரிஞ்சு போச்சு. நாள மட்டும் மாத்திக் குடுங்க, எந்த நாளுன்னாலும் கூட்டிட்டு வாரேன்” என்றாள்.

இந்த மாதிரி வேண்டுகோள் வாரத்துக்கு நாலு வரும். ஒருத்தனுக்குக் கல்யாண வீடு, ஒருத்தனுக்குக் கோயில் கொடை, ஒருத்தனுக்குக் காய்ச்சல். இதையும் அதில் ஒன்றாகச் சேர்த்தேன்.

“எல்லாருக்கும் ஒரே நேரந்தாம்மா. ஒருத்தருக்கு மாத்துனா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க” என்றேன்.

அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு போய்விட்டாள்.

ஐந்தாவது மாதத்துத் திங்கட்கிழமை பத்தே முக்கால் ஆகியும் இசக்கி வரவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து ‘வரவில்லை’ என்று எழுதி நோட்டை மூடினேன். அப்புறம் தேநீர் வந்தது, குடித்தேன். பதினொன்றேகாலுக்கு ஒரு போலீஸ்காரர் வந்து சொன்னார். இசக்கியும் அம்மாவும் வந்திருந்தார்கள். எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி, பஸ்ஸை விட்டு இறங்கியதும், வெட்டுப்பட்ட பையனின் தெருக்காரர்கள் மூன்று பேர் ஒரே பைக்கில் காத்திருந்திருக்கிறார்கள். தேட வேண்டிய வேலையே இல்லை. எந்த நாள், எந்தப் பஸ், எந்த நிறுத்தம் என்று அவ்வளவையும் நான்தான் முடிவு செய்து கொடுத்திருந்தேன்.

முதல் வெட்டு இசக்கியின் தோளில் விழுந்தது. இரண்டாவதை அம்மா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். பாத்திரக்கடைக்காரர் ஒருவர் இரண்டு பேரையும் உள்ளே இழுத்துப்போட்டு ஷட்டரை இறக்கியிருக்கிறார். அந்த மனிதர் மட்டும் இல்லையென்றால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவருக்கு இவர்கள் யார் என்றே தெரியாது.

பெரிய ஆஸ்பத்திரியில் பேச்சியம்மாளைப் பார்த்தேன். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயிருந்தன. பீடி இலையை உருட்டுவது அந்த விரல்கள்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

“நாங்க வரலையேன்னு காத்துக்கிட்டு இருந்திருப்பியளே அம்மா” என்றாள்.

நான் காத்திருக்கவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது. அவள் விரல் துண்டாகிக் கிடந்த நேரத்தில் நான் சிவப்பு மையில் எழுதிக்கொண்டிருந்தேன். தலையணையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன். அதற்குப் பிறகு அவள் இன்னொன்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை, விவரம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“அடுத்த மாசமும் திங்கக்கிழமதானாம்மா?”

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல், பாளையங்கோட்டையில் பொன்னையா சார் வீட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்ற பிறகு ஆள் பாதியாகியிருந்தார். சட்டைப்பையில் பென்சில் மட்டும் அப்படியே இருந்தது. நடந்ததை முழுக்கக் கேட்டார். கடைசியில் பழைய கேள்வி வந்தது.

“அந்த வீட்டு வாசல்ல என்ன கிடந்துச்சு?”

“ஒண்ணும் இல்ல சார். செருப்ப உள்ள எடுத்து வச்சிருந்தாங்க. யாரு எங்க இருக்கான்னு தெரியக் கூடாதுன்னு.”

“அத எழுதுனியா?”

“முதல் வரியே அதுதான் சார்.”

“அத எழுதிட்டு, அதே பேனாவால திங்கக்கிழம பத்தரைன்னும் எழுதுனியாக்கும்” என்றார்.

திட்டியிருந்தால் அழுதுவிட்டு வந்திருப்பேன். அவர் திட்டவில்லை, உள்ளே திரும்பி எனக்குக் காப்பி போடச் சொன்னார். அவரும் முப்பது வருஷம் பையன்களை ஒரே நாளில்தான் வரச்சொன்னார். அவர் காலத்தில் யாரும் காத்திருக்கவில்லை, அது அவருடைய அதிர்ஷ்டம். இதையும் அவரேதான் சொன்னார். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது யாருக்குத் தெரியாது? வெள்ளம் எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரிந்தால்தானே. நான் போட்ட அணையில் இருந்தே வந்தது.

அடுத்த அமர்வில் குழுமத்தின் முன் நின்று, நாள் குறித்தது என் தவறு என்று சொன்னேன். இனி கையெழுத்து வாங்க நானே போகிறேன், எந்த நாள் எந்த இடம் என்பதை முன்கூட்டி எழுதமாட்டேன் என்று அனுமதி கேட்டேன். குழுமத்துக்குத் தலைமை வகித்த நீதிபதி அம்மா சரி என்றார்.

அதன் பிறகு நோட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு நான் அலைந்தேன். ஒரு மாதம் ரேஷன் கடைக்குப் பின்னால், ஒரு மாதம் ஆற்றில் துணி துவைக்கிற இடத்தில், ஒரு மாதம் பக்கத்து ஊரில் அவன் சித்தி வீட்டில். ஈரக்கையோடு அவன் போட்ட கையெழுத்துகள் அந்த நோட்டில் மை பரவிக் கிடக்கும். தணிக்கைக்கு வந்தவர் பக்கத்தைப் புரட்டிவிட்டு, “என்ன மேடம், நோட்டைத் தண்ணியில போட்டுட்டீங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

ஆனால் மாதத்தில் ஒரு நாளைத்தான் நான் மாற்ற முடியும். மற்ற நாளெல்லாம் அவன் அந்த ஊரில்தான் இருந்தாக வேண்டும். இரண்டு தெருவுக்கும் பொதுவாக அந்த ஊரில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். டீக்கடை தனி, கோயில் தனி, குழாய் தனி. ஒன்றே ஒன்றுதான் பொது. பீடிக் கடை. இலையும் தூளும் வாங்கவும், சுற்றிய பீடியைக் கொடுக்கவும் இரண்டு தெருப் பெண்களும் தினமும் காலையில் அங்கே ஒரே வரிசையில் உட்கார்ந்தாக வேண்டும். பேசிக்கொள்ள மாட்டார்கள், ஆனால் முழங்கை இடிக்கும். கை வெட்டுப்பட்ட பையனின் அம்மா சண்முகத்தாயும் அதே வரிசைதான்.

நான் இரண்டு முறை சண்முகத்தாயின் வீட்டுக்குப் போனேன். இரண்டு முறையும் என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். நியாயம்தான். வெட்டியவனைக் காப்பாற்ற வந்தவளுக்கு யார் நாற்காலி போடுவார்கள். மூன்றாவது தடவை பீடிக் கடை வரிசையில் அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டேன். அரை மணி நேரம் என்னைப் பார்க்கவே இல்லை. அன்றைக்குப் பேச்சியம்மாளும் வந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரியின் தட்டைத் தூக்கிக்கொண்டு, கட்டுப் போட்ட கையோடு. தட்டு சரிந்து பீடி கொட்டப் பார்த்தது. சண்முகத்தாய்தான் சட்டென்று அந்தப் பக்கம் கையைக் கொடுத்துப் பிடித்தாள். பிடித்துவிட்டு, பிடித்த கையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எம் பையன் கை போச்சு. இவ கையும் போச்சு” என்றாள், யாரையும் பார்க்காமல். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். “எனக்குச் சின்னவன் ஒருத்தன் இருக்கான் அம்மா, பத்தாவது படிக்கான். அவன் பைக்குள்ளயும் பாத்துட்டேன். அண்ணனுக்காவ நான் செய்யுதேன்னு சொல்லுதான். அவனையும் பிடிச்சிட்டுப் போயி உங்க முன்னால நிறுத்துவாவ. நீங்க வந்து என் வாசல்ல என்ன கிடக்குன்னு பாப்பிய.”

அவள் பயம் அதுதான். அந்த நிமிஷம் வரைக்கும் அந்தப் பக்கம் ஒரு பையன் இருக்கிறான் என்றே நான் யோசிக்கவில்லை. என் கோப்பில் இருந்தது ஒரு பையன். வெட்டக் காத்திருக்கிறவனும் என் வேலைதான் என்பது எனக்கு ஐம்பது வயதுக்குப் பக்கத்தில் விளங்கியது.

நான் எந்த யோசனையும் சொல்லவில்லை, அதை இங்கே தெளிவாக எழுதிவிடுகிறேன். ஏற்பாடு அவர்களே செய்துகொண்டது. காலையில் வீட்டில் பையன்கள் பேசிக்கொள்வது அம்மாக்கள் காதில் விழாமல் இருக்காது. இன்றைக்குப் பாலத்துப் பக்கம் கூடுகிறார்கள், எதுவோ சரியில்லை என்று தோன்றினால், சண்முகத்தாய் பீடியைக் கொடுத்துவிட்டுத் தன் தட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்காருவாள். அதைப் பார்த்ததும் வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்துபோய் இசக்கியை வீட்டுக்குள் போட்டுப் பூட்டுவாள். அதே நேரம் இன்னொருத்தி சின்னவனின் பள்ளிக்கூடத்துக்குப் போய், பாட்டிக்கு முடியவில்லை என்று சொல்லிக் கூட்டி வருவாள். அந்தப் பையனின் பாட்டிக்கு அந்த வருஷம் எத்தனை தடவை முடியாமல் போனது என்று பள்ளிக்கூடத்துக்கே சந்தேகம் வந்துவிட்டது. இந்தப் பக்கம் பையன்கள் ஏதாவது யோசித்தால் பேச்சியம்மாள் தட்டைக் கவிழ்ப்பாள். யாரும் யாரோடும் பேசவில்லை. யாரும் யாரையும் மன்னிக்கவில்லை. அதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். தட்டு கவிழ்ந்தது, பையன்கள் உயிரோடு இருந்தார்கள்.

இதில் ஒரு வரியைக்கூட நான் அறிக்கையில் எழுதவில்லை. எழுதினால் சண்முகத்தாய் தன் தெருவிலேயே இருக்க முடியாது. ‘பையனின் நடத்தை திருப்திகரம்’ என்று மூன்று வருஷம் எழுதினேன். பதினேழு வயதில், பதினெட்டில், பத்தொன்பதில் அவன் உயிரோடு இருந்ததுதான் அந்தத் திருப்திகரம். என் பணிப்பதிவேட்டில் அந்த மூன்று வருஷமும் களப்பணி அதிகம், அலுவலக வருகை குறைவு என்று ஒரு குறிப்பும் விழுந்தது.

எல்லா ஊருக்கும் இப்படி ஒரு பீடிக் கடை கிடைக்கவில்லை. கிடைக்காத ஊர்களில் என்ன நடந்தது என்று நான் எழுதப் போவதில்லை. இரண்டு பையன்களின் துக்க வீட்டுக்குப் போயிருக்கிறேன், அதில் ஒரு வீட்டில் என்னை உள்ளே விடவில்லை. அதற்கு மேல் அதை எழுதத் தெம்பில்லை.

இசக்கி இப்போது பாளையங்கோட்டைப் பக்கம் இருக்கிறான். ஏசி மெக்கானிக். கூப்பிட்ட இடத்துக்குப் போகிற வேலை, இன்று ஒரு தெரு, நாளை ஒரு தெரு. அதனால்தான் அதைப் பிடித்துக்கொண்டான். முன்பு ஒரு பட்டறையில் நல்ல வேலை கிடைத்தது. தினமும் காலை ஒன்பது மணிக்கு வரச்சொன்னார்கள் என்று இரண்டு வாரத்தில் விட்டுவிட்டான். என் பணி நிறைவு விழாவுக்கு அழைத்திருந்தேன். முந்தின நாள் காலையிலேயே மனைவியையும் பெண் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். நாளைக்குத்தானே என்றேன். “பத்திரிகையில தேதியும் நேரமும் போட்டிருக்கு மேடம்” என்றான், சிரித்துக்கொண்டே. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அவனை இப்போது யாரும் தேடவில்லை என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பைக்கில் வந்தவர்கள் வழக்கு, தண்டனை எல்லாம் முடிந்து ஆளுக்கொரு திசையில் பிழைக்கப் போய்விட்டார்கள். சண்முகத்தாயின் சின்னவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான், கல்யாணமும் ஆகிவிட்டது. ஆனால் ‘நினைக்கிறேன்’ என்பதை வைத்துக்கொண்டு ஒருவனைத் தெருவில் இறங்கி நட என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. ஒரு தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

இந்த ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் அவன் மறுபடியும் வந்தான், ஒரு மத்தியானம். குழந்தையை எல்.கே.ஜி.யில் சேர்த்திருப்பதாகச் சொன்னான். உட்கார்ந்தான், எழுந்தான், தண்ணீர் கேட்டான். அவன் மனைவிக்குத் துணிக்கடையில் வேலை, எட்டரைக்கெல்லாம் போய்விட வேண்டும். குழந்தையைக் கொண்டு விடுவது இவன் பொறுப்பு. கடைசியில்தான் வாயைத் திறந்தான்.

“பள்ளிக்கூடம் தெனமும் ஒரே நேரந்தானே மேடம்?”

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் அம்மா என் மேஜைக்கு முன்னால் நின்ற மாதிரியே இருந்தது. நான் பேசிப் பார்க்கிறேன் என்றேன்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று எதிர்ப்பக்கம் போய் நின்றேன். ஒன்பது மணிக்கு மணி அடித்தது, கேட்டைச் சாத்தினார்கள். ஒன்பதே காலுக்கு அவன் பின்பக்கத்துச் சந்து வழியாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தான். காவலாளி திட்டினார். குழந்தை அழுதது. முதல் நாளே இப்படி என்றால் என்று ஒரு டீச்சர் வந்து சொன்னாள். மறுநாளும் அதே கதை, ஆனால் எட்டேகாலுக்கு. கேட்டே திறக்கவில்லை. மூன்றாம் நாள் நான் உள்ளே போய் அந்த டீச்சரைப் பார்த்தேன். இருபத்தைந்து வயதுதான் இருக்கும், நல்ல பெண், மேஜையில் வருகைப் பதிவேடும் சிவப்புப் பேனாவும் ஒழுங்காக இருந்தன. காரணம் எல்லாம் சொல்லவில்லை. இந்த ஒரு குழந்தை மட்டும் முன்னே பின்னே வந்தால் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்று கேட்டேன். முப்பது வருஷ உத்தியோகத்தில் நான் யாருக்காகவும் அப்படிக் கேட்டதில்லை.

“எல்லாருக்கும் ஒரே நேரந்தான் மேடம். ஒருத்தருக்கு மாத்துனா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க” என்றாள்.

அவள் சொன்னதில் என்ன தப்பு? சரிம்மா என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது அந்தக் குழந்தையை ஒன்பது மணிக்குள் கேட்டில் கொண்டுபோய் விடுவது நான்தான். என் முழங்காலுக்கு அது ஆகாது, ஆனாலும் ஒரு நாள்கூடப் பிந்தவில்லை. அவன் குழந்தையை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்தில் என் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான். கையேட்டில் போடுவதற்கு விவரம் வேண்டுமென்று அந்தப் பெண் கேட்பாள். எந்த இடம், எத்தனை மணி என்று நான் எழுதமாட்டேன்.